பக்கத்து சீட்

அந்தச் சாயங்காலம் ஷெட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர். அவர் தம்பி. பக்கத்து குவார்ட்டர்ஸ் மலையாளச் சேட்டன். நான். வண்டி முதல் தடவை உயிர் பிடித்த நாள் அது. கடையில் வாங்கிய வண்டி இல்லை. குவார்ட்டர்ஸ் பின்னால் தகரம் போட்ட ஷெட்டில், ரேஸ் வண்டி ஒன்றை அவரே பைப் வளைத்து, வெல்டிங் வைத்துக் கட்டினார். இஞ்சின் மட்டும் பண்ருட்டி காயலான் கடையில் வாங்கிய பழைய கார் இஞ்சின். புகை ஷெட் முழுக்க நின்றது. நாங்கள் இருமினோம். அவர் இஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அவர் மைன்ஸில் பெல்ட் மெக்கானிக். கரி போகிற பெல்ட் நின்றால் எல்லாம் நிற்கும். அதனால் அந்த ஆட்கள் எதையும் ஒரு வெல்டிங்கோடு விடமாட்டார்கள். மேலே இன்னொன்று வைப்பார்கள். பக்கத்தில் ஒரு தகடும் வைப்பார்கள். எங்கள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பத்தில் மாடு கட்டினாலும் அசையாது. வண்டியையும் அப்படியே கட்டிவிட்டார். ரேஸ் வண்டி லேசாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கை கேட்கவில்லை. சேட்டன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல கரி ஏத்தப் போறீங்களா சாரே?" என்றார். "ஏத்துனா தாங்கும்" என்றார் இவர்.

ஓட்டுகிறவருக்கு ஒரு சீட் போதும். இவர் பக்கத்தில் இன்னொன்று வைத்தார். என்னைப் பலகையில் உட்காரவைத்து, சாக்பீஸால் கோடு போட்டு அளவெடுத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "ட்ராக்குல நா மட்டும் சுத்தி இன்னா பண்றது" என்றார்.

சென்னைப் பக்கம் ரேஸ் ட்ராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டியைக் கொண்டுபோய், சோதனையில் காட்டிவிட்டு ஓட்டலாம். ஹெல்மெட் போட்டால் பக்கத்தில் ஆள் உட்காரலாம் என்றும் விசாரித்து வைத்திருந்தார். பிறகு ஒருநாள், பகல் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றியவர், அப்படியே சாய்ந்தார். பிறகு எழவில்லை. வண்டி ட்ராக்கைப் பார்க்கவில்லை.

இப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வண்டி குறிஞ்சிப்பாடிக்கு, தம்பி வீட்டுக்குப் போகிறது. அதற்குமுன் ஒரு தடவை ட்ராக்கில் ஓட்டிவிடலாம் என்று தம்பிதான் சொன்னார். எனக்கு வேண்டியது அந்த சீட்டில் ஒரு சுற்று. அதை நான் சொல்லவில்லை.

சோதனைக்கு பேட்டரி ஆடக் கூடாது, ஆயில் ஒழுகக் கூடாது, பிரேக் கெட்டியாக இருக்க வேண்டும். பிரேக்கில் ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறந்து மூடுவார். மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முன்பும் மிதித்தது நான்தான். அவர் கீழேயிருந்து "ம்" என்பார். அப்போதுதான் காலை எடுப்பேன். நேற்று தம்பி கீழே படுத்திருந்தார். "விடுங்க அண்ணி" என்றார். கால் வரவில்லை. திரும்பவும் சொன்னார். அந்த "ம்"முக்காகக் கால் காத்துக்கொண்டு இருந்தது.

இன்று காலை பார்த்தால் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார் தம்பி. கனம் குறையணும் என்றார். வண்டியை ஏற்றி நின்ற லாரியில் சீட்டையும் தூக்கி வைத்தேன். முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் முந்திரி லோடு நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. அங்கே தம்பி, கனம் தெரிய, வண்டியைப் பலகை போட்டு இறக்கி எடை பார்த்தார். சீட்டைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"இது இல்லாமியே இவ்ளோ இழுக்குது அண்ணி. இதையும் வச்சா எல்லாரும் நம்மளத் தாண்டிக்கினு போவாங்க."

"போவட்டும்."

தம்பி சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க அண்ணன் எனக்கு வச்சது, தம்பி."

அவர் ஸ்பேனரை எடுத்தார். சீட்டை வைத்து முறுக்கினார். ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டு மேல் இன்னொரு நட்டு போட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் அன்று அளந்தபடியே முழங்கால் சரியாக வந்தது. தம்பி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து திரும்பவும் மேடையில் ஏற்றினார். ஜன்னலிலிருந்து எடைக்காரர், வண்டி மட்டும்தானே, அந்தம்மா இறங்கட்டும் என்றார்.

"இல்லண்ணே" என்றார் தம்பி. "அவுங்களும் வண்டியோட சேர்த்திதான்."

உள்ளே எண் ஏறி, ஆடி, நின்றது.

எழுநூற்று அறுபது கிலோ.