பாட்டுப் பாடிய கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், முடிச்சூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். லேபுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று பெரிய போர்டு இருக்கும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். பாதி ஜன்னல்களுக்குக் கண்ணாடியே இல்லை என்பது மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

எட்டு கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்திருந்தார்கள். இணைத்ததோடு சரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓர் எழுத்துகூடப் போகாது. கோளாறு சர்வரில். கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை எத்தனை முறை போட்டாலும் நெட்வொர்க் கார்டையே காணோம் என்று அது சாதித்தது. விற்ற ஆள், "டிரைவர் பழசு மேடம், புதுசு வரட்டும்" என்று மாதக்கணக்கில் காது குத்தினார்.

ஒருநாள் எரிச்சலில் பக்கத்திலிருந்த சவுண்டு கார்டைக் கழற்றிவிட்டுச் சர்வரைப் போட்டுப் பார்த்தேன். நெட்வொர்க் ஓடியது! இரண்டு கார்டுகளும் ஒரே இன்டரப்ட் எண்ணைக் கேட்டு மல்லுக்கட்டியிருக்கின்றன, ஒரே பெர்த்துக்கு இரண்டு பேர் டிக்கெட்டோடு வந்து நிற்பதுபோல. எண்ணை மாற்றித்தரும் ஃபிளாப்பியை விற்ற ஆள் தொலைத்திருந்தார். ஆகவே, ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது.

தாளாளர் பதறிப்போய் வந்தார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க? பாட்டு இல்லாம இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டிய எப்படி உள்ள கூப்பிடறது?"

யார் வந்தாலும் சர்வர் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும். அவருடைய கம்ப்யூட்டர் அறிவு அத்தோடு முற்றுப்பெற்றது. சவுண்டு கார்டைத் திரும்ப மாட்டினேன்.

கமிட்டி வந்தது. பாட்டுக்குத் தலையாட்டியது, முந்திரியைக் காலி செய்தது, ஒரு கீபோர்டையும் தொடாமல் 'நெட்வொர்க் வசதி மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டுப் போனது.

"இப்பவாவது கழற்றலாமா சார்? பசங்களுக்கு அடுத்த வாரம் நெட்வொர்க் பிராக்டிகல்."

"நல்லா ஓடுதுன்னு கமிட்டியே எழுதிட்டாங்க. நீங்க என்ன, கமிட்டிக்கு மேலயா?"

போன வருடப் பிள்ளைகள் அந்தப் பிராக்டிகலைப் பேப்பரில் படம் வரைந்து பாஸ் செய்தவர்கள். கண்ணால் பார்க்காத ஒன்றுக்குச் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வேலை தேடிப் போனார்கள். இந்தப் பிள்ளைகளும் "பேப்பர்லயே எழுதிடறோம் மிஸ்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். பரீட்சையன்று காலை யாரையும் கேட்காமல் ஸ்குரூடிரைவரை எடுத்தேன்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் போன வருடம் வந்த அதே மனிதர். முகம் சுளித்தார்.

"பேப்பர்ல எழுத வைக்கலையா? ஒவ்வொருத்தரையும் உட்கார்ந்து பாக்கணும்னா சாப்பாட்டுக்கு நேரமாயிடுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்குரூடிரைவரை முன்பே கீழே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

முதல் பையன் தன் பெயரை அடித்துக் கடைசி மெஷினுக்கு அனுப்பினான். அங்கே இருந்தவன் கத்தினான்: "டேய், வந்துகீதுடா!"

எக்ஸாமினர் எழுந்து போய்த் திரையைப் பார்த்தார். குனிந்து கேபிளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கத்திய பையனிடமே கேட்டார்: "ஃபிளாப்பி இல்லாம இது எப்படிப்பா இங்க வந்துச்சு?"

பையன் பொறுமையாக விளக்கினான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவனுக்கு ஐம்பதுக்கு முப்பத்தெட்டு போட்டார்.