காசுமாலை இல்லாத படம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் போட்டோக் கடையில் பெண்பிள்ளைகளைப் படம் எடுத்தது நான்தான். வரனுக்கு அனுப்பும் படத்துக்கு ஆண்பிள்ளை முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேமராவை என்னிடம் கொடுத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் நான் எடுத்ததில் ஒரு முகம்கூட ஆடியதில்லை.

எந்தப் படத்துக்கும் கடையில் ஒரு பிரதி இருக்கும். அதன் பின்னால் எந்த வீட்டுப் பெண் என்று பென்சிலில் எழுதிவைப்பேன். ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடிந்துவிடும்.

பெருமாட்டியிலிருந்து ஒரு தாயும் மகளும் மூன்றாம் தடவையாக வந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் அனுப்பிய படம் இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டதாம்.

“ஏனுங்கக்கா, உங்க பொட்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?” என்றாள் தாய்.

“பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. நாளைக்கு வாங்க” என்றேன். எனக்குச் சுருக்கென்றிருந்தது.

அவர்கள் போனதும் பழைய பிரதியை எடுத்தேன். குறை ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, படத்தில் இருப்பதையெல்லாம் பின்னால் எழுதினேன். காசுமாலை என்னுது. பட்டுச்சேலை என்னுது. பூத்தொட்டி கடையோடது. பெண்ணுடையதை எழுத வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. தெத்துப்பல் தெரியாமலிருக்க வாயையும் நான்தான் மூடச் சொல்லியிருந்தேன்.

மற்றப் பெண்களின் பிரதிகளையும் பரப்பினேன். எல்லாக் கழுத்திலும் என் காசுமாலை. நன்றாக விழுந்திருந்தது.

மறுநாள் காசுமாலையைக் கொடுக்கவில்லை. பெண் கட்டிவந்த சேலையிலேயே நிறுத்தினேன்.

“வெறுங்கழுத்தோடவா? நம்மள என்னன்னு நெனைப்பாங்க!” என்றாள் தாய்.

“சும்மா இரும்மா. கட்டிக்கப் போறது என்னையா, அக்கா மாலையையா?” என்றாள் மகள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நான் பொத்தானை அழுத்திவிட்டேன்.

படத்தைக் கழுவி எடுத்த என் வீட்டுக்காரர், “பல்லு தெரியுதே” என்றார். “அவ பல்லுதானுங்க” என்றேன்.

அதன் பிறகு எந்தப் பெண் வந்தாலும், அவளுடையது என்று ஒன்றையாவது ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் கேமரா பக்கம் போவேன். ஒருத்திக்கு அரை மணி நேரம் ஆகும். காத்திருந்தார்கள்.

பெருமாட்டிப் படம் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்கப் பஸ் ஏறி வந்தார்கள்.