பொய் சொல்லத் தெரியாத தாதி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் ஜெர்மன் பேச்சு வகுப்புக்குக் கிள்ளானிலிருந்து ஒரு தாதி வருவார். மருத்துவமனை வேலை உடையோடு, தூக்கம் வழியும் கண்களோடு முன்வரிசையில் உட்காருவார். பயிற்சிக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டார்.

“‘எனக்கு ரெண்டு தங்கச்சி’ன்னு ஜெர்மன்ல சொல்லுங்க.”

“எனக்குத் தங்கச்சியே இல்லையே, டீச்சர்.”

“சும்மா பயிற்சிக்குத்தான்லா, சொல்லுங்க!”

“இல்லாதத எப்படி டீச்சர் சொல்றது?”

வகுப்பே சிரிக்கும், எனக்குத் தலை வலிக்கும்.

வேலை விசாவுக்கான வாய்மொழித் தேர்வு நெருங்கியது. அங்கேயும் இப்படி அடம்பிடிப்பாரோ என்ற எரிச்சலோடு ஒத்திகை பார்த்தேன். “ஜெர்மனிக்குப் போக ஏன் விரும்புகிறீர்கள்?” என்று ஜெர்மனில் கேட்டேன்.

“நான் விரும்பவில்லை. என் கணவர்தான் விரும்புகிறார்,” என்றார், தடுமாறாமல் ஜெர்மனிலேயே.

ஒரு பிழைகூட இல்லை. அதை மாற்றிச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது?