யாதவியின் வெள்ளிக்கிழமைச் சோதனை

யாதவிக்குச் சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது. சுவிஸின் லோசான் நகரில் பிறந்தவள்; அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு மருந்து கொடுக்கும் எங்கள் நிறுவனத்தில் கணினிப் பகுதி அவள் பொறுப்பு. நான் இந்திரா, அங்கே நேர்ஸ். யாருக்கு எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு என்பதை என் கையிலுள்ள டாப்லெட் கணினி சொல்லும். அந்த மென்பொருளை எழுதுவது கோயம்புத்தூரில் பத்துப் பேர் உள்ள ஒரு சின்ன நிறுவனம்.

“உன் மொழிக்காரர்தானே, நீயே பார்” என்று எங்கள் முதலாளி முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்டார். அவள் ஒரு விதி வைத்தாள். வெள்ளிதோறும் அவர்கள் எழுதிய நிரல் முழுவதும் இங்கே வரவேண்டும். அவர்கள் இல்லாமலும் அது ஓடுகிறதா என்று நாமே ஓட்டிப் பார்க்கவேண்டும். “வெள்ளிக்கிழமை விரதம் தொடங்கிட்டுது” என்று நான்தான் நக்கலடித்தேன்.

பிறகு அவளுக்குக் கல்யாணம். கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. கோயம்புத்தூர் முதலாளி கனகராஜ் விசா எடுத்து வந்து, அண்ணன் முறையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்றார். அதோடு, வெள்ளிக்கிழமை நிரலைக் கேட்க அவளுக்கு வாய் எழவில்லை.

“அண்ணாட்டைப் போய், அனுப்புங்கோ, சரிபாக்கவேணும் எண்டு கேக்கிறதோ? மரியாதையில்லையக்கா.”

நானும் ஓம் என்றேன். ஏழு மாத வெள்ளிக்கிழமைகள் சும்மா போயின.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை டாப்லெட்டுகள் எல்லாம் நின்றுபோயின. கனகராஜின் தலைமை நிரலாளர் அவருடைய மச்சான். குடும்பச் சண்டையில் கோபித்துக்கொண்டு, கடவுச்சொற்களையும் நிரலையும் தன் மடிக்கணினியோடு கொண்டுபோய்விட்டார். யாதவியிடம் ஏழு மாதப் பழைய பிரதிதான் இருந்தது. இரவிரவாக அதை ஓடவைத்தாள். ஒரே மருந்து இரண்டாம் முறை போனால் சிவப்பாக எச்சரிக்கும் வசதி பிறகுதான் வந்தது; அதில் இல்லை. அதை எங்களுக்கு எழுதியும் அனுப்பினாள். படித்தேன், கைதான் பழகியபடி போனது.

மறுநாள் பின்னேரம், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளிசையை, நான் பார்க்கும் முதியவர்களில் ஒருவரான மதாம் ரொஷாவிடம் நீட்டினேன். மருத்துவர் நேரத்தைக் காலைக்கு மாற்றியிருந்தார்; பட்டியலில் இரண்டு நேரமும் நின்றன. சிவப்பு வரவில்லையே என்று நம்பினேன்.

“காலையில் வந்த பெண் தந்துவிட்டாளே” என்றார் அந்தத் தொண்ணூறு வயது மனுஷி.

ஐயோ கடவுளே! நினைவு தவறாத மனுஷி என்றபடியால் தப்பினோம். மாடிப்படியில் குந்தியிருந்து அழுதேன். என்னிலும் கோபம், யாதவியிலும் கோபம்.

அவள் எங்கள் முதலாளியிடம் “என் பிழை” என்று நேரே சொன்னாள். பிறகு என்னை வைத்துக்கொண்டே கனகராஜை அழைத்தாள்.

“மச்சான்கிட்ட, கோடிங்க ஆபீஸ்ல வைடான்னு எப்படிக் கேக்கறது? சந்தேகப்படறேன்னு நெனைப்பான்ல” என்றார் அவர். “நீ வெள்ளிக்கிழமை கேக்கறப்ப, ‘சுவிஸ்ல கேக்கறாங்க’ன்னு உம்பேரச் சொல்லி வாங்கிருவேன். நீ நிறுத்தினே, நானும் நிறுத்திட்டேன்.”

யாதவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாற வெள்ளி பத்து மணிக்குக் கேப்பன் அண்ணா. குறை நினைக்காதேங்கோ.”

“கேளு கண்ணு.”

மூன்று வாரத்தில் மச்சான் சமாதானமாகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். அதுவரை ஒவ்வொரு குளிசையையும் இரண்டு பேர் பார்த்துத்தான் கொடுத்தோம். இப்போது வெள்ளி பத்து மணிக்கு யாதவியின் கதவை நானே தட்டி, “கேட்டாச்சோ?” என்கிறேன். மே மாதம் மதாம் ரொஷாவுக்குத் தொண்ணூற்றொரு வயது; கேக் வெட்ட எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்.