ஓடுபாதையின் குறுக்கே ஒரு வாய்க்கால்

1986-ஆம் வருடம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் திருநெல்வேலிக்காரன். ஓசூர்க் குளிரும், தமிழோடு கலந்து காதில் விழும் தெலுங்கும் கன்னடமும் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

பள்ளி நாட்களிலிருந்தே ஓட்டம் என்றால் எனக்கு உயிர். தொழிற்சாலையில் என்னைப் போல இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட முடியாது என்பதால், உத்தனப்பள்ளி சாலையிலிருந்து பிரிந்து தைலமரத் தோப்பு வழியாக ஏரிக்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முள் வெட்டினோம். பள்ளமான இடங்களில் மொரம்பு மண் கொட்டி மேடாக்கினோம். ஊரில் யாரையும் கேட்கவில்லை. புறம்போக்குதானே என்ற நினைப்பு.

ஒரு நாள் காலைப் பனிமூட்டத்தில் முன்னால் ஓடிய நான் தடாலென்று விழுந்தேன். பாதையின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு யாரோ வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். கணுக்கால் வீங்கி, பத்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. நாங்கள் ஓடுவது பிடிக்காமல் ஊர்க்காரர்கள் செய்த வேலை என்று முடிவே கட்டிவிட்டேன். கால் சரியானதும் நண்பர் ஒருவரோடு போய், கல்லும் மண்ணும் போட்டு அந்த வாய்க்காலை மூடி, ஏறி மிதித்து இறுக்கிவிட்டு வந்தேன். பெரிய வீரச்செயல் செய்துவிட்ட திருப்தி!

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை, பாதை என்ன ஆனதோ என்று பார்க்கத் தனியாகப் போனேன். பாதையை ஒட்டிய ராகி வயல் முழுக்கத் தண்ணீர். கதிர் பிடித்த பயிர் மூழ்கிக் கிடந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் மூடிய இடத்தைத் தன்னந்தனியாக மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் மேடாக்கிய பாதை வயல் தண்ணீரை வடிய விடாமல் அணைபோலத் தடுத்திருக்கிறது. அதற்காகத்தான் அவர் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் திரும்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

"அக்கா, இதை மூடினது நான்தான்."

நிமிர்ந்து பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு தமிழில், "பேச்செல்லாம் அப்புறம். மொதல்ல அந்தப் பெரிய கல்லப் புடிச்சு இழு சாமி" என்றார்.

ஒரு மணி நேரம் போராடினோம். தண்ணீர் பீறிட்டு ஓடியது. பாதிப் பயிராவது பிழைத்தது. இனி திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ இன்னும் லேசாக வீங்கியிருந்த என் கணுக்காலைப் பார்த்தார்.

"அன்னிக்கு யாரோ வுழுந்துட்டாங்கன்னு சொன்னாங்க, அது நீதானா? வெட்டின எடத்துல ஒரு முள்ளுக் கெளையாச்சும் நட்டு வெச்சிருக்கணும் நானு. எம்மேலயும் தப்பு இருக்குது" என்றார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம உங்க ஆளுங்களக் கூட்டிக்கினு வா. நீங்களும் ஓடணும், தண்ணியும் ஓடணும்."

போனோம். அவர் கணவரும் ஊர்க்காரர்கள் நால்வரும் கடப்பாரையோடு காத்திருந்தார்கள். வயலோரம் கிடந்த நீளமான கற்பலகை ஒன்றை எல்லோருமாக நெம்பி உருட்டி, வாய்க்காலின் மேல் பாலமாகப் போட்டோம்.

அதன்பின் அது எங்கள் எல்லோருக்குமான பாதை ஆகிவிட்டது. மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் வாய்க்கால் தூர்வார, நாங்கள் முள் வெட்டுவோம். சேறு மிதிக்காமல் பஸ்ஸுக்குப் போக ஊர்ப் பெண்களுக்கும் அதுவே வழி. சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து யானை வந்திருந்தால், பாதை தொடங்கும் மரத்தில் அந்த அக்கா சிவப்புத் துணி கட்டிவைத்திருப்பார். நாங்கள் அப்படியே திரும்பிவிடுவோம்.

அன்று அவர் ஊரைக் கூட்டியிருந்தால் நியாயம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்திருக்கும். நியாயம் கையில் இருக்கும்போதும் தன் பங்குத் தப்பை முதலில் சொல்கிற அந்தப் பெரிய மனதுக்கு, இத்தனை வருடம் முயன்றும் நான் பாதி தூரம்தான் வந்திருக்கிறேன்.