நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், மோட்டார் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யத் தம்பி குமரேசன் இறங்கினான். ஒருவர் தம் கட்டி மூழ்க, மற்றவர் படியில் நின்று எண்ணுவது சிறு வயதிலிருந்தே எங்கள் வழக்கம்.

“அண்ணே, எண்ணு. இன்னைக்கு நூறத் தாண்டுறேன். போன தடவ மாதிரி கள்ளத்தனமா எண்ணிறாத,” என்று சிரித்துவிட்டு மூழ்கினான்.

எண்பதில் பெருமைப்பட்டேன். நூற்றுப் பன்னிரண்டில்தான் குதித்தேன். அவன் லுங்கி குழாயில் சிக்கியிருந்தது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அன்றைய டைரியில் அந்த எண்ணை மட்டும் எழுதினேன்.

அதன்பின் நான் தண்ணீரில் இறங்கவே இல்லை. சென்ற மாதம் ராமேஸ்வரத்தில், மகள் வற்புறுத்தியதால், முதுகில் காற்று உருளையோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா டைவிங்குக்குச் சம்மதித்தேன்.

“உள்ள தம் கட்டவே கூடாதுண்ணே. மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். தம் கட்டிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும்,” என்று பயிற்சியாளர் மூன்று முறை சொன்னார்.

தலை மூழ்கியதும் மறந்துபோனேன். பழக்கத்தில் தம் கட்டி எண்ணத் தொடங்கினேன். நாற்பதில் நெஞ்சு அடைத்தது; மேலே போகக் காலை உதைத்தேன். பயிற்சியாளர் என் பெல்ட்டை இறுகப் பிடித்து, மூச்சை விடும்படி சைகை காட்டினார். விட்டேன். குமிழிகள் மேலே போயின. முகமூடிக்குள் அழுதேன். கரையேறும்வரை அவர் பெல்ட்டை விடவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் கிணற்றில் யார் இறங்கினாலும் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நானே பிடித்துக்கொள்கிறேன். எண்ணுவதில்லை.