அடுத்தவர் ஓட்டுக்குக் காரணமாக இருப்பவன்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடிக்கும் சிரமம் மிச்சம். நெதர்லாந்தில் ஐந்து வருடம் ஒழுங்காகக் குடியிருந்துவிட்டால் வெளிநாட்டுக்காரனும் நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அந்த உரிமை கிடைத்த முதல் தேர்தலன்று, கல்யாணத்துக்குப் போகிறவன்போல் இஸ்திரி போட்ட சட்டையுடன் எங்கள் தெருக்கோடிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் அட்டையைச் சரிபார்த்து, விரித்தால் வேட்டி அளவுக்கு வரும் வாக்குச்சீட்டை மடித்துக் கையில் கொடுத்தார். நான் நகரவில்லை. இடது கை ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். நம் ஊரில் ஓட்டுப் போடுகிறவர் விரலில் வைப்பார்களே, அந்த மைக்காகத்தான். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று விரலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன். வலிக்கிறதா என்று கேட்டார். இவ்வளவு கனிவான தேர்தல் அதிகாரியைப் பார்த்ததே இல்லையே என்ற நெகிழ்ச்சியில், எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவைத்தேன். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, விரலில் ஒரு பிளாஸ்டரை ஒட்டி அனுப்பினார். பிளாஸ்டர் விரலோடு அவர்கள் கொடுக்கும் சிவப்புப் பென்சிலைப் பிடித்து, ஜனநாயகக் கடமையை ஆற்றினேன். வாக்காளர் நடத்தையை ஆராய்வதுதான் என் பிழைப்பு என்பதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை.

ஆமாம், அப்படி ஒரு பிழைப்பு இருக்கிறது. யார் எந்தக் கட்சிக்குப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள், போன முறை போட்டவர்கள் இந்த முறை ஏன் ஓடிவிட்டார்கள் என்று ஐரோப்பா முழுக்கக் கேள்வித்தாளோடு அலைகிற கூட்டத்தில் நானும் ஒருவன், ஒரு பல்கலைக்கழகத்தின் உதவி ஆய்வாளன். எங்கள் துறையின் செல்லக் கேள்வி ஒன்று உண்டு. பூஜ்யம் என்றால் தீவிர இடது, பத்து என்றால் தீவிர வலது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மாமாவிடம் வீடியோ காலில் கேட்டுப் பார்த்தேன். மாமா என்றால் மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர். அக்கா ஒரு கட்சி, மாமா அதற்கு நேர் எதிர்க் கட்சி. தேர்தலன்று வாக்குச்சாவடிக்கு வெளியே இரண்டு கட்சி மேஜைகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பூத் ஸ்லிப் எழுதிக் கொடுப்பார்கள். மத்தியானம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள். நான் இடதையும் வலதையும் விளக்கி முடிக்குமுன் மாமா குறுக்கிட்டார். "நான் பதினெட்டு வயசுலேர்ந்து கட்சியில இருக்கேன் மாப்ளே. பத்துக்குப் பத்து போட்டுக்க." அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எனக்கும் பத்து போடுடா. அவரவிட ஒண்ணு குறைஞ்சுது, அப்புறம் இருக்கு உனக்கு." ஐரோப்பிய அளவுகோலின்படி என் குடும்பமே தீவிர வலதுசாரி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதை எங்கள் கருத்தரங்கில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைய பேச்சு, ஐரோப்பாவில் கட்சிப் பற்று ஏன் கரைந்துகொண்டே போகிறது என்பது. அப்பா போட்ட கட்சிக்கே பிள்ளையும் போட்ட காலம் போய், கடைசி வாரத்தில் முடிவெடுக்கும் வாக்காளர்கள் பெருகிவிட்டார்கள்; கட்சிகளோ உடைந்து உடைந்து, அரசு அமைக்கவே மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கிறது. தேநீர் இடைவேளையில் ஒரு சகா ரொம்ப அன்பாக என் பக்கம் திரும்பி, உங்கள் நாட்டில் ஏழைகள் பணத்துக்குத்தானே போடுகிறார்கள், எதற்குப் போடுகிறோம் என்று அவர்களுக்குப் புரியுமா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்றது. பணம் கொடுக்கிறார்கள், மறைக்கமாட்டேன் என்றேன். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, தன் மனசில் இருக்கிறதற்குப் போட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு உங்கள் அட்டவணையில் கட்டம் இருக்கிறதா? சித்திரை வெயிலில், இடுப்பில் குழந்தையோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கிற பெண்ணுக்குப் புரியாதது, மழை தூறியதால் போன தேர்தலுக்குப் போகவில்லை என்று நீங்களே சொன்னீர்களே, உங்களுக்குப் புரிந்துவிட்டதா? சகா தேநீரைக் கலக்க ஆரம்பித்தார். அதில் சர்க்கரையே போடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

இப்படி வாய்ச்சவடால் விட்டுக்கொண்டு திரிந்தவனை ஒரு நாள் ஒரு எக்செல் அட்டவணை உட்காரவைத்தது. குடியேறிகளை வெளியேற்றுவோம் என்று முழங்கும் ஒரு கட்சி எங்கள் நகரத்திலும் வளர்ந்துவருகிறது. எந்தப் பேட்டையில் அதற்கு ஏன் ஓட்டு விழுகிறது என்று ஆராய்கிறோம். ஒவ்வொரு பேட்டைக்கும் காரணங்கள் தனித்தனிப் பத்தியில் வரும்: வேலையின்மை, வீட்டு வாடகை, மூடிப்போன நூலகம், பஸ் வசதி. அதில் ஒரு பத்தி, அந்தப் பேட்டையில் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்பது. எண்களை ஏற்றிக்கொண்டே வந்தவன் என் பேட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அந்த எண்ணில் ஒன்று நான். நகராட்சியோடு என் உரிமை முடிந்துவிடுகிறது. நாடாளுமன்றத்துக்கு எனக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் அடுத்தவர் ஓட்டுக்குக் காரணமாக இருக்கிற வேலை மட்டும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, சம்பளமில்லாமல்.

அந்த அடுத்தவர் யார் என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹெங்க். ஓய்வுபெற்ற பிளம்பர். நான் ஊருக்குப் போகும்போது என் தபாலை எடுத்துவைப்பார், என் சைக்கிளுக்கு அவராகவே பிரேக் மாற்றிக் கொடுத்தார். நான் செய்யும் ரசத்தைக் காபிக் கோப்பையில் ஊற்றி, மூக்கு ஒழுகக் குடிப்பார். அவர் வீட்டு ஜன்னலில் அந்தக் கட்சியின் சுவரொட்டி ஏறிய அன்று, கேள்வித்தாள் இல்லாமலே போய்க் கேட்டேன். அவர் கூச்சப்படவில்லை. "உன்னைச் சொல்லவில்லை. நீ நல்லவன். மற்றவர்களைச் சொல்கிறேன்" என்றார். நாலு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு ஹெங்க்குக்கு அந்த மற்றவன் நான்தானே என்றேன். அவர் அந்தத் தெருவில் தனக்கு யாரையும் தெரியாது என்றார். ரசம் இருக்கிறதா என்றும் கேட்டார். கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து, குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்.

போகச் சொன்னால் போகமாட்டேன். நீ நல்லவன், இருந்துகொள் என்று ஒருவர் பெரிய மனசு பண்ணுவதாலும் நான் இருக்கப்போவதில்லை. ஹெங்க் ஒரு ஓட்டுப் போட்டால், வரிசையில் அவருக்குப் பின்னாலேயே நின்று எதிர் ஓட்டு ஒன்று போடுவேன். இதெல்லாம் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்தால் இந்தியப் பாஸ்போர்ட் போகும். பதிலுக்கு நம் அரசாங்கம் ஒரு அட்டை தரும். அதை வைத்துக்கொண்டு வரலாம், போகலாம், காவிரியில் குளிக்கலாம். ஓட்டு மட்டும் போட முடியாது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் பலர் இதைக் கடந்து வந்தவர்கள்தாம், யாரும் செத்துப்போகவில்லை. ஆனாலும் நான் வெளிநாடுவாழ் இந்திய வாக்காளனாக ஸ்ரீரங்கத்தில் பெயர் பதிந்துவைத்தவன். பாஸ்போர்ட்டை நேரில் காட்டினால்தான் அந்த ஓட்டு. ஒரு ஓட்டுக்காக இவ்வளவு விமானக் கட்டணமா என்று சகாக்கள் கேட்டார்கள். கடைசி ஓட்டு, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

சட்டமன்றத் தேர்தலுக்கு முதல் நாள் ராத்திரி திருச்சியில் வந்து இறங்கினேன். காலையில் பொங்கலை ஒரு கட்டுக் கட்டிவிட்டு, சும்மா கண்ணை மூடினேன். திறந்தபோது மணி பன்னிரண்டு. போனில் அக்கா. கடல் தாண்டி ஓட்டுப் போட வந்தவன் குறட்டை விடுகிறான் என்று எதிர்க் கட்சி மேஜையில் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். எதிர்க் கட்சி மேஜை என்றால் மாமா. அடித்துப்பிடித்து ஆட்டோ பிடித்து, பள்ளிக்கூடத்துக்குள் ஓடினேன். அதிகாரி என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டி, நிதானமாகத்தான் உள்ளே விட்டார். பொத்தானை அழுத்திய பிறகும் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

வெளியே தெருமுனையில், குடைக்குக் கீழே அக்கா மேஜை போட்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, வரும்போதே மனப்பாடம் செய்திருந்ததை ஆரம்பித்தேன். அக்கா, இதுதான் இங்கே என் கடைசி ஓட்டு. அடுத்த மாதம் அங்கே உறுதிமொழி எடுக்கிறேன், ஹெங்க் என்று ஒருவர் இருக்கிறார், அட்டவணையில் ஒரு பத்தி இருக்கிறது. அக்கா ஸ்லிப் எழுதிக்கொண்டே கேட்டாள். எதிர் மேஜையில் மாமா, கேட்காததுபோல் விசிறிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு அம்மா வந்து பாகம் எண் கேட்டார், "உள்ள போய் ரெண்டாவது ரூம்மா" என்றாள் அக்கா. நான் மறுபடியும் தொடர்ந்தேன். அவள் அழுவாள், வேண்டாம்டா என்பாள் என்று எதிர்பார்த்தேன். மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தேன். அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அங்கேயாவது காலையில ஏழு மணிக்கே போயிடு."